ஐந்து கிளாஸும் கொஞ்சம் ரப்பர் வாசனையும்

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். இது குடியை வளர்க்கும் பதிவு இல்லை. நாலு பேர், ஆளுக்கு ஐந்து கிளாஸ், கிளாசுக்கு 15 மில்லி, நாலு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் 75 மில்லி. எங்கள் தோட்டத்தில் சம்பள நாளன்று இதைக் குடி என்று சொன்னால் சிரித்துவிடுவார்கள். அம்மா இன்டர்நெட் பக்கம் வர மாட்டார் என்ற தைரியமும் கொஞ்சம் உண்டு.

விஷயத்துக்கு வருவோம். போன மாதம் இங்கே அபர்டீனில், புனலூர்ச் சேட்டன் வீட்டில், ஷெர்ரி பீப்பாயில் கிடந்த பழைய சிங்கிள் மால்ட்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். சேட்டன் இந்த விஷயத்தில் பித்தர். நான் அரைகுறை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நடந்ததை வைத்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது: பாட்டிலில் போட்டிருக்கும் வயசைப் பார்த்துக் காசை அவிழ்க்காதீர்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் நாம் நினைக்கிற விஷயத்தை அது சொல்வதில்லை.

அபர்டீன் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எனக்கு முதல் அபர்டீன் இது இல்லை. போர்ட் பிளேரில் இருக்கும் அபர்டீன் பஜார்தான். (2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழக்க தோஷம், எனக்கு வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது.) நான் பிறந்து வளர்ந்தது நிக்கோபாரில் கட்சால் தீவில். எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2000 ஜனவரி 1 அன்று இந்தியாவில் முதல் சூரியன் தெரியும் இடம் என்று பேப்பரில் எல்லாம் போட்டார்களே, அந்தத் தீவு. ஸ்கூல் ஷூ வாங்க வேண்டும் என்றால் கப்பலேறி போர்ட் பிளேர் வந்து அபர்டீன் பஜாரில்தான் வாங்க வேண்டும்.

நிக்கோபார் பழங்குடிகளுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. வெளி ஆட்கள் நினைத்தால் போய் இறங்க முடியாது. அங்கே நாங்கள் எப்படிப் போனோம் என்றால், 1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் தோட்டத்தில் இருந்த எங்கள் ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சிலரை நீலகிரி தேயிலைக்கு, சிலரை புனலூர் ரப்பருக்கு, சிலரை கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பருக்கு. கொஞ்சம் பேரை கட்சால் ரப்பருக்கு. தாத்தா அங்கேயும் பால் வெட்டினார், இங்கேயும் வெட்டினார். நடுவில் கடல் மட்டும் மாறியது. புனலூர்ச் சேட்டன் எனக்கு நெருக்கமானதற்குக் காரணமும் இதுதான். "எங்க ஊர் எஸ்டேட்லயும் உங்க ஆளுங்கதான்" என்று முதல் நாளே சொன்னார்.

நிற்க. விஸ்கிக்கு வருகிறேன்.

ஒன்றை இன்றைக்குக் குடித்து இன்னொன்றை அடுத்த மாதம் குடித்து "அதைவிட இது நல்லாயிருக்கு" என்று சொல்வது சும்மா. நாக்குக்கு ஞாபக சக்தி கிடையாது. விலையும் பெயரும்தான் ஞாபகம் இருக்கும். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கிளாஸில், பெயர் தெரியாமல் வைத்துக் குடித்தால்தான் உண்மை வெளியே வரும். சேட்டன் வீட்டில் சேச்சி சமையலறையில் ஊற்றி, கிளாசுக்கு அடியில் நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். யாருக்கும் எதுவும் தெரியாது. சாராய வேகம் அதிகமாக இருந்ததை மட்டும் தண்ணீர் கலந்து மற்றதோடு சமமாக்கினோம். 57.1 சதவீதத்தில் இருக்கும் 15 மில்லியை 46-க்கு இறக்க மூன்றரை மில்லி தண்ணீர் போதும். சேட்டன் இதற்கு இருமல் மருந்து குடிக்கும் மூடியை வைத்திருந்தார். ஊற்றி இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி :-)

அந்த இருபது நிமிஷத்தில் ஷெர்ரி பீப்பாய் புராணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஷெர்ரி என்பது ஸ்பெயினில் ஹெரேஸ் பக்கத்து ஒயின். அந்தக் காலத்தில் அதைப் பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே ஒயினை பாட்டிலில் அடைத்த பிறகு காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கிப் போட்டார்கள். வெறும் சிக்கனம். அதில்தான் உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் கிராம்புமாக ஒரு ருசி வந்து ஒட்டிக்கொண்டது. 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கப்பலில் வந்த பீப்பாய் நின்று போனது. இன்றைக்கு 'ஷெர்ரி பீப்பாய்' என்று போட்டால் பெரும்பாலும் அது விஸ்கிக்காகவே புதிதாகச் செய்து, ஒன்றிரண்டு வருஷம் ஷெர்ரியை ஊற்றி வைத்துப் பழக்கிய பீப்பாய்.

புது மண்சட்டியில் கஞ்சித் தண்ணியை ஊற்றி வைத்துப் பழக்குவோமே, அதேதான். இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இல்லை. ஹெரேஸில் பல தலைமுறையாக ஒயின் கிடக்கும் நிஜமான பழைய பீப்பாயில் மரம் ஓய்ந்து போயிருக்கும், அதில் விஸ்கியை வைத்தால் பெரிதாக ஒன்றும் இறங்காது. பழக்கிய புதுச் சட்டியில்தான் குழம்பு ருசி.

இருபது நிமிஷம் ஆனது. ஆட்களைச் சொல்லவில்லையே. சேட்டன், நான், யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். குடித்துவிட்டு, எது வயசில் மூத்தது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போட வேண்டும்.

முதல் கிளாஸ் மெத்தென்று இருந்தது. உலர் திராட்சை, இஞ்சி மரப்பா, மெழுகு போட்ட பழைய பீரோ. எங்கும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை. இரண்டாவது ஆரஞ்சுத் தோல், பாதாம், கடைசியில் டீ அதிகமாகக் கொதித்த மாதிரி ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது கருப்பட்டிக் காபி. சத்தியமாகக் கருப்பட்டிக் காபி, அதில் கொஞ்சம் சுக்கு. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு "இது அந்த மாதிரி" என்றார். நாலாவது குல்கந்தும் மிளகும் மரச் சூடுமாக அடித்தது. ஐந்தாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சீட்டைப் பிரித்தோம். நாலில் மூன்று பேர் நாலாவதுதான் மூத்தது என்று எழுதியிருந்தோம். அண்ணை பக்கத்தில் '25 அல்லது 30' என்று வேறு போட்டிருந்தார்.

நாலாவது அம்ருத். பெங்களூர். இன்டர்மீடியட் ஷெர்ரி. முதலில் போர்பன் பீப்பாய், நடுவில் ஷெர்ரி, திரும்பவும் போர்பன். பாட்டிலில் வயசே போடவில்லை. அங்கே பொதுவாக நாலைந்து வருஷம்தான் வைக்கிறார்கள். வரிசையிலேயே பொடியன் அவன்தான். ஸ்காட்லாந்துக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

முதல் கிளாஸ் மெக்காலன் 18. இரண்டாவது கிளென்ஃபார்கிளாஸ் 25. (1865-இல் இருந்து ஒரே கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கும் சாலை. ஷெர்ரி பீப்பாய்தான் அவர்கள் உயிர்நாடி.) மூன்றாவது கிளென்ட்ரோனக் 18, 2018-இல் பாட்டிலில் அடைத்தது. இங்கிருந்து ஹன்ட்லி வழியாகப் போனால் வரும்.

அந்த மூன்றாவதில் ஒரு கூத்து இருக்கிறது. ஸ்காட்ச் சட்டப்படி பாட்டிலில் போடும் வயசு, உள்ளே கலந்திருப்பதில் மிக இளையதின் வயசு. 2018-இல் அடைத்த 18 என்றால் 2000-க்கு முன் வடித்தது. ஆனால் கிளென்ட்ரோனக் சாலை 1996-இல் மூடி 2002-இல்தான் திறந்தது. நடுவில் ஒரு சொட்டு வடிக்கவில்லை. ஆகவே அந்தப் பாட்டிலில் இருப்பது குறைந்தது 22 வருஷச் சரக்கு. 18 என்று எழுதி 22-ஐக் கொடுத்திருக்கிறார்கள், 18-இன் விலைக்கு! வயசு எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. சாலை எந்த வருஷம் மூடியது என்று படித்தவருக்குத்தான் தெரியும்.

சரி, பெங்களூர்ப் பொடியன் எப்படிக் கிழவன் மாதிரி பேசினான்? வெயில். சூட்டில் சாராயம் விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். போகப் போக மரத்தின் நிறமும் ருசியும் இறங்கும். ஸ்காட்லாந்துக் குடோனில் இது ஆமை வேகம். கூடவே ஆவியாகிப் போவதும் உண்டு. அதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். இங்கே வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10, 12. கணக்குப் போடுங்கள். 100 லிட்டர் வைத்தால் இங்கே 25 வருஷம் கழித்து 60 லிட்டர் இருக்கும். பெங்களூரில் 8 வருஷத்திலேயே 40-க்கு வந்துவிடும். அம்ருத் 2013-இல் 8 வருஷச் சரக்கு ஒன்றை விட்டபோது அதற்கு வைத்த பெயரே 'கிரீடி ஏஞ்சல்ஸ்', பேராசைக்காரத் தேவதைகள். நம் ஊர்த் தேவதைகள் வேறு எப்படி இருப்பார்களாம்?

ஆக 18 என்ற எண் குளிர்ப் பிரதேசத்துக் கணக்கு. அதைப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய் 'இது 5 தானே' என்று மூக்கைச் சுளிப்பது, ஊட்டியில் அரிசி வேகும் நேரத்தை வைத்துத் தூத்துக்குடியில் அடுப்பை அணைப்பது மாதிரி. அண்ணை உடனே தங்கள் ஊர்த் தென்னஞ்சாராயத்தை இழுத்தார். தென்னம்பாளையில் இறக்கின கள்ளை வடித்து ஹல்மில்லா மரத்தொட்டியில் வைப்பார்களாம். "எங்கட வி.எஸ்.ஓ.ஏ-வை இப்பிடி வரிசையில ஒருத்தரும் வைக்கேல்லையே தம்பி" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். தாத்தா இருந்திருந்தால் ஆமோதித்திருப்பார். நியாயமான வருத்தம். அடுத்த முறை வைக்கிறோம்.

இனி ஐந்தாவது கிளாஸ்.

அது ஸ்காட்லாந்துக்காரர் கொண்டு வந்தது. ஒரே பீப்பாய்ச் சரக்கு, ஷெர்ரி, 18 வருஷம். எந்தச் சாலை, யார் அடைத்தது என்பது வேண்டாம். மூக்குக்குக் கொண்டு போனதுமே சேட்டன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அண்ணை "தீக்குச்சி" என்றார். கொண்டு வந்தவரே நெளிந்தார். கந்தகம். ஸ்பெயினில் இருந்து காலிப் பீப்பாய் வரும்போது பூஞ்சை பிடிக்காமலும் புளித்துப் போகாமலும் இருக்க உள்ளே கந்தகத்தைக் கொளுத்துவது உண்டு. அது சில பீப்பாய்களில் தங்கிவிடும். அணைத்த தீக்குச்சி, வெடிமருந்து, எரிந்த ரப்பர் என்று எழுதுவார்கள். ஷெர்ரி பீப்பாய் ரசிகர்களுக்கு இது தீராத சண்டை. சிலர் ஒரு துளி இருந்தாலே பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சிலருக்கு மூக்கில் ஏறவே ஏறாது.

எனக்கு ஏறியது. ஆனால் நான் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, மெஷினில் உருட்டி, ஷீட்டாக்கிப் புகைக்கூட்டில் தொங்கவிடுவார்கள். அந்தப் புகைக்கூட்டுக் கதவைத் திறந்தால் வரும் வாசனை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். துவைத்தாலும் போகாது. (எஞ்சினியர் புத்தி: புகை போட்ட ஷீட்டில் கந்தகம் கிடையாது. டயராக்கும்போதுதான் கந்தகம் சேர்ப்பார்கள். இரண்டும் வேறு வாசனை என்று தெரியும். மூக்குக்கு அந்தப் படிப்பு இல்லை.) நான் அந்தப் பதினைந்து மில்லியை மற்ற நாலையும்விட மெதுவாகக் குடித்தேன். பிறகு பாட்டிலைக் கேட்டு வாங்கி லேபிளைப் பார்த்தேன். வடித்தது 2004. அடைத்தது 2022.

"2004 நல்ல வருஷம்" என்றார் ஸ்காட்லாந்துக்காரர். அவர் மகள் பிறந்த வருஷமாம். பதினெட்டாவது பிறந்த நாளுக்கென்று வாங்கியதில் மிச்சம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது நல்ல வருஷம்தானே. 2004 டிசம்பர் 26 அன்று நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். கட்சாலைப் பற்றிச் செய்தியே வராத நாட்கள் அவை. ஒன்பதாவது நாள் போர்ட் பிளேர் முகாமில் இருந்து அப்பா பேசினார். எங்கள் லயம் மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். கரையோரத்தில் இருந்த நிக்கோபாரி கிராமங்கள் பிழைக்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் தீவில் 5,300 பேருக்கு மேல். 2011-இல் 2,700-க்கும் கீழே. தீவே தாழ்ந்து, கரையோரத் தென்னந்தோப்பில் கடல் ஏறி நின்றுவிட்டது. அந்தத் தோப்பில் ஒரு பெரியவர் கள் இறக்குவார். அப்பாவுக்குச் சிநேகிதர். காலையில் போனால் எனக்கும் ஒரு சிரட்டையில் தருவார், இனிப்பாக இருக்கும். மத்தியானம் நுரை கட்டும். சாயங்காலம் பெரியவர்களுக்கு. மறுநாள் புளிச்ச காடி. அதன் ஆயுசே ஒரு நாள்தான். அவரும் இல்லை, தோப்பும் இல்லை.

அதே வருஷம் வடித்து ஊற்றிய ஒரு பீப்பாய் இங்கே ஒரு குடோனில் பதினெட்டு வருஷம் அசையாமல் கிடந்திருக்கிறது. கூரை பறக்கவில்லை, தண்ணீர் ஏறவில்லை, யாரும் எழுப்பி வேறு தீவுக்கு அனுப்பவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: 18, 25 என்று போட்டு விற்கிறார்களே, அதில் பாதி ருசிக்கு, பாதி இந்த அசையாமைக்கு. அது விலை போட்டு விற்கக்கூடிய பொருளாகவே எனக்குத் தோன்றியதில்லை. விற்கட்டும், வசதி இருப்பவர் வாங்கட்டும். அதை ருசி என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இதை எழுதும்போது ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. தோட்டத்தில் சம்பள நாளன்று அம்மா அரிசி டின்னுக்கு அடியில் பணத்தை ஒளித்து வைப்பார். அப்பா மோசமில்லை, ஆனால் பக்கத்து லயத்தில் நடந்ததெல்லாம் சுவர் வழியே கேட்கும். கருப்பட்டி, ஆரஞ்சுத் தோல் என்று நான் வர்ணிப்பதை அந்தப் பெண்கள் படித்தால் என்ன நினைப்பார்கள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுபத்தைந்து மில்லி என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு. ஷெர்ரி ருசி எப்படி என்று தெரிய வேண்டுமானால் மெக்காலன் 18-க்குக் கொட்டும் காசில் கிளென்ட்ரோனக் 15, கிளென்ஃபார்கிளாஸ் 15, ஒரு அம்ருத் மூன்றையும் வாங்கி, மூன்று பேரைக் கூப்பிட்டு, பெயரை மறைத்து வைத்துக் குடியுங்கள். 'பத்து வருஷமா பீரோவில் வைத்திருக்கிறேன்' என்று மாமா யாராவது பெருமையடித்தால் நம்பாதீர்கள். கண்ணாடிக்குள் போன பிறகு விஸ்கிக்கு வயசு ஏறாது. மாமாவுக்குத்தான் ஏறும். கறுப்பாக இருக்கிறது என்றும் மயங்க வேண்டாம். நான் சொன்ன ஸ்காட்ச் சாலைகள் மூன்றும் நிறம் சேர்ப்பதில்லை, ஆனால் ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

ஐந்தாவது பாட்டிலில் மிஞ்சியதை ஸ்காட்லாந்துக்காரர் எனக்கே கொடுத்துவிட்டார். யாருக்கும் வேண்டாமாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டபோது சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தனை வருஷம் மூடி வச்சா கெட்டுப் போகாதா?" என்றார்.

"கெடாதுப்பா. ஆவியாகிக் குறையும், அவ்வளவுதான்."

"நம்ம ஊருல வச்சிருந்தா?"

பெங்களூர்க் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 11 சதவீதம், பதினெட்டு வருஷம். "நூறு லிட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் மிஞ்சும். நம்ம ஊர் ஈரக்காத்துக்கு வேகமும் இறங்கிப் போயிருக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பன்னெண்டு எங்கடா மிஞ்சும்? கரையான் பீப்பாயையே விட்டு வச்சிருக்காது" என்றார்.